உதறும் வரை

உத்திராடத்துக்கு முந்தின ராத்திரி.
கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியில்
பதினொரு டேங்கர் வரிசையில் நிற்கிறது,
பாயசத்துக்குப் போகிற பால்.

மூடி திறந்து
கம்பியில் கட்டிய கண்ணாடிக் குழாயை உள்ளே விட்டுக்
காத்திருப்பது என் வேலை.
குழாய்க்குள் சிவப்புச் சாயம் போட்ட சாராயம்.
ஆமாம், சாராயம்தான்,
யாரும் குடிக்க ஆசைப்படாத அளவு.
சூடு பட்டால் பெருக்கும், குளிர்ந்தால் ஒடுங்கும்,
போக வேறு இடமில்லாமல்
மயிரிழை அகலத்தில் ஏறும், இறங்கும்.
அது சொல்வதெல்லாம் தன் சங்கதி மட்டும்.
பாலும் தானும் ஒரே குளிர் ஆகும்வரை
அதை நம்பக் கூடாது.

ஏழாவது வண்டி காளியண்ணனுடையது. உடுமலை.
"நாலுதானுங் மேடம், டயலப் பாருங்க."
டயல் நாலு என்றது.
என் சிவப்பு நூல் ஒன்பதில் நின்றது.
ஐந்துக்கு மேல் போனால் திருப்பு என்பது உத்தரவு.

ஜிஷா துப்பாக்கியை எடுத்து வந்தாள்,
தொற்றுக் காலத்தில் எல்லோர் நெற்றிக்கும் நீட்டியது.
டேங்கரின் வயிற்றைக் குறிபார்த்தாள். முப்பத்தொன்று.
மறுபடியும். இருபத்தெட்டு.
இதற்குப் பிராந்து சேச்சி, என்றாள்.
அப்படியில்லை.
எந்தப் பொருளும் தன் சூட்டுக்குத் தக்கபடி
கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் கசியவிடும்,
அதைத்தான் அது எண்ணுகிறது.
பளபளக்கிற எவர்சில்வர் கஞ்சன்.
தன்னுடையதை மறைத்துக்கொண்டு
எதிரில் நிற்பதைத் திருப்பிக் காட்டும்.
ஜிஷா அளந்தது ஜிஷாவை,
கூடவே கொஞ்சம் மேகத்தை.

சர்பத் கடையில் ஐஸ் வாங்கி நொறுக்கிக்
குழாயை அதில் நட்டேன். நூல் இறங்கி இறங்கிப்
பூஜ்யத்தில் உட்கார்ந்தது.
உருகுகிற ஐஸுக்கு
கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே பேச்சு.

டயலுக்குள் இரண்டு உலோகத் தகடு,
முதுகோடு முதுகு ஒட்டிச் சுருட்டியது.
சூட்டில் ஒன்று கூட நீளும், ஒன்று குறைய.
பிரியவும் முடியாது, ஆகவே வளையும்.
அந்த வளைவைத்தான் முள் காட்டுகிறது.
(ஆளியாறு தண்ணீர்ச் சேதி பேப்பரில் வரும் நாட்களில்
எங்கள் சாவடியும் இப்படித்தான்.)
காளியண்ணன் விரல்முட்டியால் தட்டினார். நாலு.
ஸ்பேனரால் தட்டினார்.
முள் துள்ளி ஒன்பதுக்குப் போனது.

எத்தனை மாதமாக அந்த நாலைப் பார்த்து ஓட்டினாரோ.
சண்டை போடவில்லை. டிரைவர்கள் போடுவார்கள்.
டயரில் சாய்ந்து நின்றார், பல் கிட்டியது.
ஜிஷா கழுத்தைத் தொட்டுப் பார்த்து,
"பனி" என்றாள்.
அவர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்.
நானும் தொட்டேன். பிரயோசனமில்லை,
ஐஸ் நொறுக்கிய கைக்கு
ஊரே காய்ச்சலில் கிடக்கும்.

மேசை இழுப்பறையில் பழைய பாதரசக் குழாய் ஒன்று.
அதன் கழுத்தில் ஒரு நெரிசல் வைத்திருக்கிறான் செய்தவன்.
ஏறுவதை விடும், இறங்க விடாது.
நாக்கடியிலிருந்து வெளியே வந்த பிறகும்
கண்டதைப் பிடித்துக்கொண்டிருக்கும்,
உதறும் வரை.
நூற்றிரண்டு புள்ளி நாலு.

ரெஜிஸ்டரில் எழுதினேன்:
வண்டி எண். ஒன்பது. திருப்பப்பட்டது.
நூற்றிரண்டுக்குக் கட்டம் இல்லை.
ஜிஷா கொடுத்த மாத்திரையைக் கட்டஞ்சாயாவில் விழுங்கி,
ஒன்பதாயிரம் லிட்டரோடு
பொள்ளாச்சி ரோட்டில் வண்டியை வளைத்தார்.
அப்புறம் எட்டாவது வண்டி. மூன்று டிகிரி. போகலாம்.

ஓணம் முடிந்து
பேனா தேடி இழுப்பறையைத் திறந்தால்,
அவசரத்தில் உதறாமல் வைத்திருக்கிறேன்.
வெள்ளிக் கோடு அதே இடத்தில்.
அறையில் இருபத்தாறு, கணவாய்க் காற்று வேறு.
அவர் எங்கேயோ ஓட்டிக்கொண்டிருப்பார்.
டயலை மாற்றினாரா, தெரியாது.
பேனா கிடைத்ததா என்று
ஷிபு வாசலில் நிற்கிறான்.